பழைய டயர துண்டாக்கி கம்பெனிக்கு குடுக்கிற தொழில்: குமரி மாவட்டத்துல புதுசா தொடங்குறவங்களுக்கு

நம்ம மாவட்டத்துக்கு ரெண்டு மழையும் உண்டு, ஜூன்ல தென்மேற்கு, அக்டோபர்ல வடகிழக்கு, அதனால வெளிய கிடக்கிற பழைய டயருக்குள்ள வருசத்துல பல மாசம் தண்ணி நிக்கும். டெங்கு பரப்புற ஏடிஸ் கொசு முட்ட போடுறது அந்த தண்ணிலதான். சுகாதாரத்துறை ஆள் வந்து டயர மாத்துங்கன்னு சொல்லிட்டு போயிருவாங்க, பஞ்சர் கடை அண்ணாச்சி அத எங்கதான் கொண்டு போவாரு? சிலர் ராத்திரில குளத்தாங்கரைல கொண்டு தள்ளுறாங்க, சிலர் உள்ள இருக்க கம்பிக்காக தீ வச்சு எரிக்கிறாங்க. ரெண்டுமே பாக்க வயிறு எரியுது. ஒழுங்கா வெட்டி துண்டாக்குனா அந்த டயருக்கு விலையும் உண்டு, வாங்க ஆளும் உண்டு, அதுக்காகத்தான் இத எழுதுறேன்.

தொடங்கணும்னு நினைக்கிற பசங்க எல்லாரும் முதல்ல கேக்குறது மிஷின் என்ன விலைன்னுதான். மிஷின கடைசில பாக்கலாம். யாரு வாங்குவா, என்ன சைஸ்ல வாங்குவா, கம்பி இருந்தா எடுப்பாங்களா மாட்டாங்களா, இத முடிவு பண்ணாம மிஷினுக்கு அட்வான்ஸ் குடுக்காதீங்க.

முதல்ல, ஏன் துண்டாக்கணும்

பிளாஸ்டிக்க உருக்கி மறுபடி ஊத்தலாம், டயர் ரப்பர உருக்க முடியாது. ரப்பர் பால்ல இருந்து வந்த ரப்பரோட கந்தகம் சேத்து சூடு பண்ணும்போது உள்ள உள்ள இழையெல்லாம் ஒண்ணோட ஒண்ணு கட்டிக்கிடும், வல்கனைசேஷன்னு சொல்லுவாங்க, அதுக்கு அப்புறம் சூடு பண்ணுனா கருகும், புகையும், உருகி ஓடாது. அதனால டயர திரும்ப பயன்படுத்தணும்னா முதல் வேல வெட்டுறதுதான். இன்னொரு விஷயம், முழு டயர லாரில ஏத்துனா பாதிக்கு மேல காத்ததான் ஏத்திட்டு போறோம், துண்டாக்குனா அதே எடை ஏறக்குறைய நாலுல ஒரு பங்கு எடத்துல அடங்கிரும். இங்க இருந்து திருநெல்வேலி, விருதுநகர் தாண்டி அனுப்பணும்னா வாடகைல இதுதான் லாபம் நஷ்டத்த முடிவு பண்ணும்.

யாரு வாங்குவா

பெரிய துண்டு, 50ல இருந்து 150 மில்லிமீட்டர் வரைக்கும் உள்ளது, சிமெண்ட் ஆலைக்கு எரிபொருளா போகும். டயர் துண்டுக்கு கிலோவுக்கு 7,500ல இருந்து 8,000 கிலோ கலோரி வரைக்கும் வெப்பம் உண்டு, நம்ம நாட்டு நிலக்கரி பெரும்பாலும் அதுல பாதிதான் வரும். சிமெண்ட் சூளைல உள்ள பொருள் 1,450 டிகிரி வரைக்கும் சூடாகும், அதனால கம்பியும் அதுக்குள்ளயே போய் சேந்துரும், கிளிங்கருக்கு (அரைச்சு சிமெண்ட் ஆக்குறதுக்கு முன்ன சூளைல இருந்து வாற கட்டி) எப்படியும் இரும்புச்சத்து வேணும். அதுக்காக கம்பி எப்படி இருந்தாலும் பரவால்லன்னு நினைச்சிராதீங்க, துண்டுக்கு வெளிய கம்பி நீட்டிட்டு இருந்தா அவங்க கன்வேயர்லயும் ஃபீடர்லயும் ஒண்ணோட ஒண்ணு கொளுவி அடைச்சிரும், லோடு திரும்பி வந்துரும். சுத்தமா வெட்டுன ஓரம், நீட்டு கம்பி இல்ல, இதுதான் அவங்க பாக்குறது. தாழையூத்து, விருதுநகர் பக்கமெல்லாம் சிமெண்ட் ஆலை உண்டு, ஆனா டயர் துண்டு எரிக்க அந்த ஆலைக்கு மாசுக்கட்டுப்பாட்டு வாரிய அனுமதி இருக்கான்னு கேட்டு தெரிஞ்ச பிறகு பேசுங்க.

அடுத்தது 1ல இருந்து 10 மில்லிமீட்டர் வரைக்கும் உள்ள குருணை. மேட், ஜிம் டைல்ஸ், பார்க்ல பிள்ளைங்க விளையாடுற எடத்துல போடுற தரை, இதுக்கெல்லாம் போகும். இதுல கம்பி ஒரு துணுக்கு கூட இருக்கக்கூடாது, பிள்ளைங்க கைல கால்ல குத்தும். நைலான் பஞ்சும் இருக்கக்கூடாது.

அதுக்கும் கீழ தூள். ரோட்டு தாருல கலக்குறதுக்கு 30 மெஷ் தூள், அதாவது 0.6 மில்லிமீட்டர் சல்லடைல இறங்குறது. ரீகிளைம் ரப்பர் (பழைய ரப்பர பக்குவம் பண்ணி மறுபடி பயன்படுத்துற மாதிரி ஆக்குனது) கம்பெனிங்களும் ரப்பர் பொருள் செய்யுறவங்களும் அவங்கவங்க தேவைக்கு ஏத்த மெஷ் கேப்பாங்க. குலசேகரம், அருமனை பக்கம் ரப்பர் விளையுற ஊர் நம்மளது, ரப்பர்னா என்னன்னு தெரிஞ்ச ஆளுங்க இங்க உண்டு, எல்ல தாண்டுனா திருவனந்தபுரத்துல இருந்து கோட்டயம் வரைக்கும் ரப்பர் யூனிட்டுகள் கிடக்கு. இந்த வசதி மத்த மாவட்டத்துக்காரங்களுக்கு எளிதா கிட்டாது.

செங்கல் சூளைக்காரருக்கு மட்டும் குடுக்காதீங்க, அது ரொம்ப முக்கியம். செங்கல் சூளைல எரிக்க துண்டு கேட்டு வருவாங்க, ரொக்கமா காசு நீட்டுவாங்க. அந்த சூளைல டயர் எரியுற புகைய வடிகட்ட ஒண்ணுமே கிடையாது, பக்கத்துல குடியிருக்க பிள்ளைங்க நெஞ்சுக்குள்ளதான் அது போகும். சட்டப்படியும் உங்க பேருலதான் வந்து நிக்கும்.

டயர் கிட்டுமா, கணக்கு போடுங்க

லாரி டயர் ஒண்ணு 50 கிலோவுக்கு மேல வரும், கார் டயர் 7, 8 கிலோ, பைக் டயர் 2ல இருந்து 4 கிலோ. மணிக்கு 1 டன் வெட்டுற மிஷின் வாங்குனா 8 மணி நேர ஷிப்டுக்கு 8 டன் வேணும், அதாவது தினமும் 160 லாரி டயர், இல்லன்னா 1,000 கார் டயர். நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம், கருங்கல், குளச்சல் எல்லா கடையும் சேந்தாலும் தினமும் இவ்வளவு உங்க ஒருத்தருக்கே வந்து சேருமான்னு யோசிங்க. வெட்ட டயர் இல்லாம மிஷின் சும்மா நின்னாலும் பேங்க் வட்டி நிக்காது. வள்ளியூர், திருநெல்வேலி, நெய்யாற்றின்கரை வரைக்கும் டயர் எடுக்க ஆள் வச்ச பிறகு பெரிய மிஷின பத்தி பேசலாம்.

எடுக்கிற எடம்னு பாத்தா பஞ்சர் கடை, ஆக்கர் கடை (பழைய இரும்பு கடை), டயர் ஷோரூம், தேஞ்ச டயருக்கு மேல புது ரப்பர் ஒட்டுற ரீட்ரெடிங் கடை, லாரி ஷெட்டு. அரசு பஸ் டயர் ஏலத்துல வரும், அதுக்கு பதிவு பண்ணி முன்பணம் கட்டணும். சின்னமுட்டம், குளச்சல், தேங்காய்ப்பட்டணம் மாதிரி துறைமுகத்துல படகு ஓரத்துல கட்டிப்போட்ட டயரும் வரும், அதுல உப்பும் சிப்பியும் ஒட்டி இருக்கும், கழுவி காயவச்ச பிறகுதான் மிஷின் பக்கம் கொண்டு வரணும். ரீட்ரெடிங் கடைல டயர் மேல்பக்கத்த உரசும்போது விழுற பஃபிங் தூள தனியா கேட்டு வாங்குங்க, அதுல கம்பி கிடையாது, வெட்டுற செலவும் கிடையாது, சலிச்சு மூட்டை கட்டுனா போதும்.

குவாரி கல் ஏத்துற டிப்பர் லாரி டயர கவனமா பாருங்க. ஓடுற எடம் அப்படி, பள்ளத்துக்குள்ள கல்லு இறுகி இருக்கும். ஸ்க்ரூ டிரைவர வச்சு குத்தி எடுத்தா பொட்டுன்னு வந்து விழும், கருங்கல் துணுக்கு, சில நேரம் ஆணி, போல்ட்டு. இத எடுக்காம உள்ள விட்டா ஒரே நாள்ல கத்தி வாய் மழுங்கிரும்.

டயர் பக்கவாட்டு எழுத்த படிக்க கத்துக்கிடுங்க

இந்த தொழில்ல புதுசா வாறவங்களுக்கு சொல்லி குடுக்க வேண்டிய முதல் வித்தை இதுதான்னு நான் நினைக்கிறேன், ஏன்னா எல்லாமே அந்த டயர் மேலேயே எழுதி இருக்கு, யாரும் குனிஞ்சு பாக்குறது இல்ல. லாரி டயர்ல சைஸ் 10.00-20ன்னு நடுவுல கோடு போட்டிருந்தா நைலான் டயர். 10.00 ஆர் 20ன்னு ஆர் எழுத்து இருந்தா ரேடியல். நைலான் டயர்ல விளிம்புல உள்ள பீடு கம்பிய உருவிட்டா உள்ள இரும்பு பெருசா இருக்காது, ஆனா அடுக்கடுக்கா நைலான் நூல் இருக்கும், வெட்டும்போது பஞ்சு பஞ்சா பறக்கும். லாரி ரேடியல் அப்படி இல்ல, பீடும் கம்பி, ஓடுற பக்கத்துக்கு அடில பெல்ட்டும் கம்பி, பக்கச்சுவரும் கம்பி. தேச்சு துடைச்சிட்டு பாத்தா ட்ரெட் பிளை 4 ஸ்டீல், சைட்வால் பிளை 1 ஸ்டீல்னு இங்கிலீஷ்ல பொடியா எழுதி இருக்கும். கார் ரேடியல்ல பெல்ட்டு கம்பி, பக்கச்சுவர் பாலியெஸ்டர் நூல். பக்கத்துலயே முட்டை வடிவத்துக்குள்ள நாலு இலக்கம் இருக்கும், 2319ன்னா 2019ஆம் வருசம் 23ஆவது வாரம் செஞ்சது. ரொம்ப பழசாகி வெயில்ல வெடிச்ச ரப்பர் இறுகிப்போய் இருக்கும், தூளுக்கு எடுக்கிறவங்க அத விரும்ப மாட்டாங்க, பெரிய துண்டுக்கு அது தாராளமா போதும்.

அதனால டயர் வந்து இறங்கும்போதே நாலு குவியலா பிரிங்க. லாரி நைலான், லாரி ரேடியல், கார், பைக்கும் ஆட்டோவும். எல்லாத்தையும் ஒண்ணா கலந்து வெட்டுனா வாறது கலப்பட சரக்கு, விலையும் மட்டமான விலைதான் கிட்டும். இன்னும் ஓட்டலாம், ரீட்ரெட் பண்ணலாம்னு இருக்க டயர வெட்டவே வெட்டாதீங்க, ரீட்ரெடிங் கடைக்கு குடுங்க, அதுதான் அந்த டயருக்கும் நல்லது, உங்களுக்கும் காசு கூட கிட்டும்.

எடமும் பேப்பரும்

எடம் வாங்குறதுக்கு முன்ன அந்த கிராமம் மலைப்பகுதி பாதுகாப்பு ஆணையத்துக்கு கீழ வருதான்னு பாருங்க. நம்ம மாவட்டத்துல பல கிராமம் அந்த லிஸ்ட்ல உண்டு, தெரியாம எடத்த வாங்கிட்டு அனுமதி கிட்டாம முழிக்கக்கூடாது. கடல் ஓரம்னா கடற்கரை ஒழுங்குமுறை மண்டல விதி. குடியிருப்பு, பள்ளிக்கூடம், குளம், கால்வாய் பக்கத்துல வேண்டாம். ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் எடம் கிட்டும், ஆனா காத்தாலை சுத்துற காத்து அது, தூள் பறக்கும், தீ பிடிச்சா நிமிசத்துல பரவும், அங்க போறவங்க மூணு பக்கமும் சுவர் எழுப்பணும். கூரைய நல்லா இறுக்கி போடுங்க, 2017 நவம்பர்ல ஓக்கி புயல் என்ன பண்ணுச்சுன்னு நமக்கு யாரும் சொல்லி தர வேண்டியது இல்ல.

சிறு தொழிலுக்கான உத்யம் பதிவு இலவசம், ஆன்லைன்ல நீங்களே பண்ணலாம், யாருக்கும் காசு குடுக்காதீங்க. அடுத்தது கோணத்துல உள்ள மாவட்ட தொழில் மையம். அங்க மத்திய அரசோட பிஎம்இஜிபி சுயதொழில் திட்டத்துல உற்பத்தி தொழிலுக்கு 50 லட்சம் வரைக்கும் உள்ள திட்டத்துக்கு மானியக் கடன் உண்டு, புது தொழில்முனைவோருக்கான மாநில அரசோட நீட்ஸ் திட்டத்துல 25 சதவீதம் மானியம், அதிகபட்சம் 75 லட்சம். தகுதி என்னன்னு நேர்ல உக்காந்து கேளுங்க. மாசுக்கட்டுப்பாட்டு வாரியத்துல ரெண்டு அனுமதி, தொழிற்சாலை அமைக்க ஒண்ணு, ஓட்ட ஒண்ணு. முதல் அனுமதி கைல வாறதுக்கு முன்ன செங்கல் கூட இறக்காதீங்க. உள்ளாட்சி லைசென்ஸ், தீயணைப்பு சான்று, கரண்டு கனெக்‌ஷன், ஜிஎஸ்டி எல்லாம் வழக்கம்போல. ஜிஎஸ்டில ரப்பர் ஸ்கிராப்பும் அதுல இருந்து வாற தூள் குருணையும் 4004 தலைப்புல வரும், பிரிச்சு விக்கிற இரும்பு 7204, ரெண்டுக்கும் பில் தனித்தனியா போடணும், வரி எவ்வளவுன்னு ஆடிட்டர்ட்ட கேட்டு வச்சுக்கிடுங்க.

இன்னொண்ணு இருக்கு, இத நிறைய பேர் கவனிக்காம விட்டுடுறாங்க. 2022 ஜூலைல மத்திய அரசு கழிவு டயருக்கு இபிஆர் (செஞ்ச கம்பெனியே கழிவுக்கும் பொறுப்பு) விதி கொண்டு வந்துச்சு, டயர் கம்பெனிக்காரங்க அவங்க வித்த டயருக்கு ஏத்த அளவு மறுசுழற்சி சான்றிதழ் வாங்கி கணக்கு காட்டணும். அந்த சான்றிதழ உண்டாக்குறது நம்மள மாதிரி மறுசுழற்சி பண்றவங்கதான், மத்திய மாசுக்கட்டுப்பாட்டு வாரிய போர்ட்டல்ல பதிவு பண்ணி ரிட்டர்ன் போட்டா சான்றிதழ் வரும், அத வித்தா வருமானம். ஆனா சான்றிதழ் கிட்டுறது ரீகிளைம் ரப்பர், மீட்டெடுத்த கார்பன் பிளாக் (டயர்ல சேக்குற கருப்பு கரித்தூள்), தூள் கலந்த தார், கிரம்ப் ரப்பர் (குருணையும் தூளும்), பைரோலிசிஸ் ஆயில் அல்லது அதுல மிஞ்சுற கரி, இதுக்குத்தான். வெறும் பெரிய துண்டு அந்த லிஸ்ட்ல கிடையாது. அதனால பெரிய துண்டுல தொடங்கினாலும், பின்னால குருணை தூள் மிஷின் வைக்க எடம் விட்டே ஷெட்ட போடுங்க. பைரோலிசிஸ் நல்ல காசுன்னு யாராவது சொன்னா அந்த பக்கம் போகாதீங்கன்னுதான் சொல்லுவேன், மூடுன கலத்துல டயர சூடு பண்ணி எண்ணெய் எடுக்கிற வேல அது, ஒழுங்கா பண்ண பெரிய முதலும் அனுபவமும் வேணும், அரைகுறையா பண்ணுனா வெடிப்பு, நாத்தம், கரி, ஊர்க்காரங்க சாபம்.

மிஷின்

வரிசை இதுதான். டயர கழுவி காயவச்சு, லாரி டயரா இருந்தா டீபீடர்ல மாட்டி பீடு கம்பிய உருவணும். கொக்கி பீடுல போய் பிடிச்சதும் ஹைட்ராலிக் இழுக்கும், ரப்பர் கிறீச்சுன்னு சத்தம் போட்டு பிளந்து, விரல் தண்டி கம்பி வளையம் ரப்பர உரிச்சுட்டு வெளிய வரும். அந்த நேரம் முன்னால யாரும் நிக்கக்கூடாது, கம்பி தெறிச்சா முகம்தான். இது உயர் ரக இரும்பு, தனியா அடுக்கி வச்சா தனி விலை.

அடுத்தது ரெண்டு ஷாஃப்ட் உள்ள ஷ்ரெட்டர். மெதுவா சுத்தும், நிமிசத்துக்கு 15ல இருந்து 30 சுத்துதான், ஆனா முறுக்கு விசை பயங்கரம். அதுல இருந்து விழுற துண்டு சல்லடை உருளைக்குள்ள போகும், சைஸ் சரியா இருந்தா கீழ விழும், பெருசா இருந்தா கன்வேயர்ல திரும்பி ஷ்ரெட்டருக்கே வரும். சிமெண்ட் ஆலை சரக்குக்கு இதோட போதும். குருணை வேணும்னா அடுத்து கிரானுலேட்டர் அல்லது கிராக்கர் மில், அப்புறம் மேல காந்தம், அப்புறம் நைலான் பஞ்ச உறிஞ்சுற காத்து செட்டு, கடைசில அதிர்வு சல்லடை. லாரி ரேடியல்ல ஏறக்குறைய கால் பங்கு எடை இரும்பாவே போயிரும், அத மனசுல வச்சுதான் டயருக்கு விலை பேசணும்.

மிஷின் விக்கிறவர்ட்ட நீங்க கேக்க வேண்டியது டன் கணக்கு இல்ல. கத்தி என்ன ஸ்டீல், ஒரு செட்டு கத்தி லாரி ரேடியல்ல எத்தன டன் வெட்டும், எத்தன தடவ சாணை பிடிக்கலாம், புது செட்டு என்ன விலை, எத்தன நாள்ல வரும், லோடு கூடுனா தானா ரிவர்ஸ் எடுக்குமா. உங்க லாரி டயர்ல நாலஞ்ச கொண்டு போய் அவங்க எடத்துல ஓட்டி காட்ட சொல்லுங்க, பைக் டயர போட்டு வேகமா ஓட்டி காட்டுறத பாத்து மயங்காதீங்க. கத்தி இடைவெளி கூடுனா ரப்பர் வெட்டாது, மடிஞ்சு நசுங்கி கம்பி நீளமா இழுபடும், துண்டோட ஓரத்துல கம்பி முடி முளைச்ச கணக்கா நிக்கும். அப்படி ஒரு துண்ட பாத்தாலே மிஷின நிறுத்தி கத்திய பாருங்க, நாள் முடியட்டும்னு விடாதீங்க.

வேல பாக்குற ஆளுங்க

கம்பி குத்துனா சின்ன காயம்னு விட்டுராதீங்க, துருப்பிடிச்ச அழுக்கு கம்பி, டெட்டனஸ் ஊசி எல்லாருக்கும் போட்டிருக்கணும். வெட்டு தாங்குற கிளவுஸ், கண்ணாடி, பூட்ஸ், காதுக்கு அடைப்பான், தூள் பக்கம் நிக்கிறவங்களுக்கு நல்ல மாஸ்க். சேலையும் துண்டும் தொங்க விட்டுட்டு கன்வேயர் பக்கம் யாரும் வரக்கூடாது. அடைச்சிருக்க துண்ட எடுக்க கைய உள்ள விடுறதுக்கு முன்ன மெயின ஆஃப் பண்ணி பூட்டு போட்டு சாவிய உள்ள கை விடுறவரே வச்சுக்கிடணும். இதுல எந்த சமாதானமும் கிடையாது, போன கை திரும்ப வராது.

அடுக்கி வைக்கிறதும் தீயும்

டயர் சட்டுன்னு பத்தாது, பத்துனா அணையாது. வளையத்துக்குள்ள காத்து இருக்கும், தண்ணி அடிச்சாலும் உள்ள போய் சேராது, எண்ணெய் பிரிஞ்சு ஓடி கிணத்துல கலக்கும். முழு டயர குவியலா போடாம சின்ன சின்ன அடுக்கா, நடுவுல தீயணைப்பு வண்டி போற வழி விட்டு வைங்க. மணல் குவியலும் மண்வெட்டியும் எப்பவும் பக்கத்துல இருக்கட்டும், மணல் போட்டு மூடுறதுதான் கை குடுக்கும். வெல்டிங் வேல இருந்தா குவியல் பக்கத்துல வச்சு பண்ணவே கூடாது.

வெட்டுன துண்டுக்கு இன்னொரு ஆபத்து உண்டு, தானா சூடாகும். 1995ல அமெரிக்காவுல வாஷிங்டன் மாநிலத்துல ரோட்டுக்கு அடில 8 மீட்டருக்கு மேல கனமா டயர் துண்டு கொட்டி நிரப்புனது உள்ளுக்குள்ளயே சூடாகி புகைஞ்சுது, அதுக்கு அப்புறம்தான் ரோட்டுக்கு நிரப்புனா ஒரு அடுக்கு 3 மீட்டருக்கு மேல போகக்கூடாதுன்னு அங்க வரைமுறை கொண்டு வந்தாங்க. வெளிய தெரியுற கம்பி துருப்பிடிக்கும்போது வாற சூடு இதுக்கு ஒரு காரணம். நம்ம ஊர்ல உப்புக்காத்து, மழை, ஈரம், துருப்பிடிக்க கேக்கவே வேண்டாம். குவியல ஆள் உயரத்துக்கு மேல விடாதீங்க, கூரைக்கு கீழ வைங்க, பழச முதல்ல அனுப்புங்க. மழைல நனைஞ்ச சரக்க அனுப்புனா வாங்குறவர் ஈரத்துக்கு எடைய கழிச்சிருவாரு, அதுலயும் நஷ்டம்தான். தூள் மிஷின் உள்ள எடத்துல மேல் உத்தரத்துல படியுற தூள வாரா வாரம் உறிஞ்சி எடுங்க, காத்துல கலந்த ரப்பர் தூள் பொறி பட்டா குப்புன்னு பத்தும்.

முதல் லோடு

அனுப்புறதுக்கு முன்ன குவியலோட நாலஞ்சு எடத்துல இருந்து கொஞ்சம் கொஞ்சமா அள்ளி 1 கிலோ தனியா எடுங்க. பெரிய துண்டுன்னா ஒவ்வொண்ணா கைல எடுத்து நீட்டு கம்பி இருக்கான்னு பாருங்க. குருணை, தூள்னா வெள்ளை பேப்பர்ல பரத்தி, பிளாஸ்டிக் கவர்ல சுத்துன காந்தத்த மேல மெதுவா நகத்துங்க, கவர திருப்பி எடுத்தா ஒட்டுன கம்பி அப்படியே கவருக்குள்ள வந்துரும், அத எடை போட்டு எழுதி வைங்க. சல்லடைல ஆட்டுனா நைலான் பஞ்சு உருண்டு உருண்டு மேல நிக்கும், அதையும் எடை போடுங்க. இதே மாதிரி இன்னொரு தடவ அள்ளி, கம்பியும் பஞ்சும் பிரிக்காம, அதுல பாதி சரக்க உங்க பேரு, தேதி, லாரி நம்பர் எழுதுன கவர்ல போட்டு ஒட்டி நீங்க வச்சுக்கிடுங்க, மீதி பாதிய டிரைவர்ட்ட குடுத்து அனுப்புங்க. அங்க போய் சரக்குல கம்பி கூடுதல்னு சண்ட வந்தா ரெண்டு கவரையும் பிரிச்சு பாத்து பேசிக்கிடலாம். எடை மேடை சீட்டு, பில், தமிழ்நாட்டுக்குள்ளன்னா 1 லட்சம் ரூபாய்க்கு மேலயும் வெளி மாநிலத்துக்குன்னா 50,000 ரூபாய்க்கு மேலயும் போனா இ-வே பில்லு, மூணும் டிரைவர் கைல இருக்கணும், லாரிக்கு மேல தார்ப்பாய் இறுக்கி கட்டி இருக்கணும், ஏன்னா நீங்க அனுப்புற சரக்கு ரோட்டுல விழுந்தா பின்னால வாற பைக்குகாரர் டயர்லதான் அந்த கம்பி ஏறும்.